உச்சா சரி, ஆய் மட்டும் ஏன் அடம்?

கேள்வி: என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது. குட்டி டாய்லெட் சேரில் உச்சா போகிறாள். ஆய் வந்தால் டயப்பர் கேட்டு அழுகிறாள். தராவிட்டால் இரண்டு மூன்று நாள் அடக்குகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு டயப்பரைக் கொடுத்துவிடுங்கள். அடக்குவதுதான் பெரிய சிக்கல். ஒருமுறை இறுகிப் போய் வலித்திருந்தால் குழந்தை பயந்து அடக்கும். குடல் மேலும் நீரை உறிஞ்ச, மலம் இன்னும் கல்லாகும். நுனிக்காலில் நிற்பது, கால்களைப் பின்னிக்கொள்வது எல்லாம் முக்குவதுபோல் தெரியும், பெரும்பாலும் அடக்குவதுதான்.

முதலில் மலம் இளகட்டும். பப்பாளி, கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை, போதிய தண்ணீர் கொடுங்கள். பால் நாளுக்கு 400 மில்லிக்குள். வலியின்றி இரண்டு வாரம் போனபின், டயப்பரோடு பாத்ரூமில் நிற்கட்டும். அடுத்து டயப்பரோடு சேரில் உட்காரட்டும். சாப்பிட்டு 20 நிமிடத்தில் ஐந்து நிமிடம் போதும். பாதம் தரையிலோ பலகையிலோ பதிய வேண்டும். கால் தொங்கினால் முக்க வராது.

ஜட்டியில் அடிக்கடி கறை படிந்தால் திட்டாதீர்கள். உள்ளே இறுகியதைச் சுற்றி இளகியது கசிகிறது, அவளுக்கே தெரியாது. அப்போதும், ரத்தம், வயிறு உப்பல் இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் போங்கள். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம், பயம்தான் கூடும்.