பழைய ஹை-ஃபை கருவிகள்: வாங்கும்போதும் சீர்செய்யும்போதும் – கேள்வி பதில்

கேள்வி (மேலப்பாளையம்): அண்ணாச்சி, 1980-களில் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் நெடுங்காலமாக மச்சில் கிடக்கிறது. பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?

பதில்: தம்பி, நேரடியாகச் செருக வேண்டாம். முதலில் பின்பக்கத்தில் உள்ள வோல்டேஜ் செலக்டர் எதில் நிற்கிறது என்று பாருங்கள். அக்காலத்தில் சவூதியில் 127 வோல்ட் மின்சாரம் பரவலாக இருந்ததால், அங்கே ஓடிய செட்டுகள் 110 அல்லது 127-இல் வைக்கப்பட்டிருப்பதுண்டு. அதைக் கவனிக்காமல் நம் ஊர் 230 வோல்ட்டில் போட்டால் ட்ரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். மூடியைத் திறந்து எலி கடித்த வயர், தலை உப்பிய கண்டென்சர், பொருத்தமில்லாத ஃபியூஸ் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வால்வு செட்டாக இருந்தால் அது 300 வோல்ட்டையும் தாண்டும். ஆகவே வெறும் விரலை உள்ளே விடாதீர்கள்.

இவை சரியாக இருந்தால் சீரிஸ் லாம்ப் போட்டு ஓட்டுங்கள். செட்டுக்குப் போகும் ஃபேஸ் வயரில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைப்பதுதான் அது, எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் கண்டென்சர்கள் சார்ஜ் ஏறிவிட்டன, செட் இயல்பாக இருக்கிறது என்று கொள்ளலாம். மங்காமலே எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்திவிடுங்கள். பல்பு மங்கிய பிறகும் ஸ்பீக்கரை மாட்ட அவசரப்படாமல், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து டி.சி. வோல்டேஜ் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பல வோல்ட் காட்டினால் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். அந்நிலையில் மாட்டப்படும் ஸ்பீக்கரின் ‘காயில்’ (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) சில நொடிகளில் எரிந்துவிடும்.

கேள்வி (தென்காசி): இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் விலைக்கு வருகின்றன. ஒன்று ஓடுகிறது, விலை அதிகம். மற்றது ஓடவில்லை, மலிவு. எதை வாங்கலாம்?

பதில்: ஓடுகிறதா என்பதைவிட, எது கெட்டிருக்கிறது என்பதே முக்கியம். கண்டென்சர், ஃபியூஸ், 2என்3055 போன்ற ட்ரான்சிஸ்டர் ஆகியவை இன்றும் எளிதில் கிடைக்கும். அவை மட்டும் போன செட்டை நான் துணிந்து வாங்குவேன். மெயின் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தால் அதே அளவில் சுற்றித் தர நல்ல கைக்காரர் வேண்டும். ஒலியைப் பெருக்கும் பகுதியை ஒரே கட்டியாக அடக்கிய எஸ்.டி.கே. ஐசி வைத்த செட்டில் அந்த ஐசி போயிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். அசல் ஐசிகளின் உற்பத்தி நின்றுவிட்டது. சந்தையில் போலிகளே மலிந்திருக்கின்றன, அவற்றை மாட்டினால் ஓரிரு நாளில் ஸ்பீக்கரையும் சேர்த்து இழக்க நேரும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): ஜப்பானில் விற்ற ரேடியோவுடன் கூடிய ரிசீவரும் இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளும் இங்கே ஓடுமா?

பதில்: அந்நாட்டு மின்சாரம் 100 வோல்ட் என்பதால், 110 அல்லாமல் 100 வோல்ட்டே தரும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்குவது நல்லது. ரேடியோவை நம்பி வாங்க வேண்டாம். அங்கே எஃப்.எம். அலைவரிசை 76-இல் தொடங்கி அக்காலத்து செட்டுகளில் 90 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். நம் நிலையங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கின்றன. டர்ன்டேபிளில் ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்பச் சுற்றும் வகை) இருந்து அது 60 ஹெர்ட்ஸுக்கு அமைக்கப்பட்டதானால், நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். 33⅓ சுற்று சுமார் 28 ஆகிப் பாட்டு இழுக்கும். அதற்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி தேட வேண்டும். மோட்டாரே தட்டை நேராகச் சுற்றி, குவார்ட்ஸ் படிகத்தால் வேகத்தைக் காக்கும் குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் வகைக்கு இத்தொல்லை இல்லை.

கேள்வி (உடன்குடி): ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்கிறது. கடைக்காரர் கோன், காயில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்.

பதில்: சம்மதிக்காதீர்கள். ஃபோம் வளையம் காலத்தால் மக்கிப்போவது இயல்பு. அதற்காக அசல் கோனை அறுத்தெடுத்தால் அந்த ஸ்பீக்கரின் குரலே மாறிவிடும். நல்ல ஸ்பீக்கர்கள் பல இந்த ஒரே காரணத்தால் பழைய இரும்புக்குப் போவதைப் பார்த்து எனக்கு மனம் பொறுப்பதில்லை. இரண்டு கைகளின் விரல்களையும் கோனின் நடுக்குமிழைச் சுற்றிச் சமமாக வைத்து, மெதுவாக உள்ளே அழுத்திக் காதைக் கொடுங்கள். சத்தமின்றிப் போய்த் திரும்பினால் காயில் நன்றாக இருக்கிறது, வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். மணலை உரசுவதுபோல் கேட்டால்தான் காயிலைப் பற்றி யோசிக்க வேண்டும். புதிய வளையத்தை ஒட்ட உடனே இறுகும் பசையைத் தவிர்த்து, மெதுவாகக் காயும் வெள்ளைப் பசையைப் பயன்படுத்துங்கள். கோனை நடுவுக்குக் கொண்டுவர அவகாசம் கிடைக்கும். உங்களுடையது கடலோர ஊர் என்பதால் வயர் மாட்டும் முனைகளில் பச்சை பூத்திருக்கும், அதையும் சுரண்டிவிடுங்கள்.

கேள்வி (வீரவநல்லூர்): கோயில் கொடைகளுக்கு ரேடியோ செட் போட்ட தாத்தாவின் 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அவை அரக்கு கலந்து செய்யப்பட்டவை. ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும், தடங்கள் அழிந்த பிறகு மீட்க வழியில்லை. இரண்டொரு சொட்டு மென்மையான சோப்பு கலந்த நீரில் மெல்லிய துணியை நனைத்து, நடுவில் உள்ள லேபிள் ஈரமாகாமல், தடத்தின் போக்கிலேயே துடைத்து உடனே உலர்த்துங்கள். எல்.பி. ஊசியால் இவற்றை ஓட்டாதீர்கள். இவற்றின் தடம் அகலமானது, ஏறத்தாழ 3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி வேண்டும்.

கேள்வி (வள்ளியூர்): எல்லாக் கண்டென்சர்களையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். சில மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தவற்றுக்குப் போங்கள். இல்லையேல் தவறு நேர்ந்தால் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோஃபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பெட்டிக்குள் ஏறும் சூட்டை எண்ணி 85 டிகிரி வகையைத் தவிர்த்து 105 டிகிரி வகையையே கேட்டு வாங்குங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும்.