கடுக்காய்ப் பொடியை இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் ஏன் கருத்துப்போகிறது?

ராத்திரி ஊறவைத்தது காலையில் மை மாதிரி ஆகிவிட்டது, கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடவில்லை. மை மாதிரி என்றீர்களே, அது மையேதான்.

கடுக்காயில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். அதோடு இரும்பு சேர்ந்தால் நீலம் கலந்த கருப்பு வரும். ஐரோப்பாவில் டானின் நிறைந்த மாசிக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து, கொஞ்சம் பிசின் சேர்த்துப் பல நூற்றாண்டுகள் எழுதினார்கள். எழுதும்போது வெளிறித் தெரியும் அந்த மை, காற்றுப் பட்ட பிறகுதான் நன்றாகக் கருக்கும். காசுக்கட்டியில் இருப்பது வேறு வகை டானின். அது இரும்போடு சேர்ந்தால் பச்சை கலந்த கருப்பு.

எனக்கு இந்தப் பாடம் மரத்தில் கிடைத்தது. ஓக் பலகையில் அலமாரி செய்து, கையில் கிடைத்த சாதாரண இரும்புத் திருகாணிகளை முடுக்கினேன். நாலைந்து முறை ஈரத்துணியால் துடைத்திருப்பேன், ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் கருநீல வளையம்! பூஞ்சை என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ம்ஹூம், அசையவே இல்லை. கடைசியில் கையுறை மாட்டிக்கொண்டு ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தடவிய பிறகுதான் போனது. அப்புறம் எல்லாத் திருகாணியையும் பிடுங்கிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டேன்.

மரத்துக்கு எதற்கு டானின்? பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்கத்தான். புரதத்தைக் கண்டால் விடாமல் பிடித்துக்கொள்வது அதன் குணம். ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடியை நாக்கில் வைத்துப் பாருங்கள்: எச்சிலை வழவழப்பாக வைத்திருக்கும் புரதங்கள் டானினோடு சேர்ந்து திரண்டுவிடும், நாக்கு சொரசொரவென்று அண்ணத்தில் உரசும். துவர்ப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த உரசல்தான். பட்டைச்சாறு ஊறிய தோல் அழுகாமல் பதமாவதும் இதே பிடியால்தான். அங்கே சிக்கும் புரதம் கொலாஜன்.

சரி, கருத்த தண்ணீரை என்ன செய்வது? விஷமில்லை, ஆனால் நானாக இருந்தால் மருந்தாகக் குடிக்க மாட்டேன். டானினில் ஒரு பங்கு ஏற்கெனவே இரும்போடு போய்விட்டது. கொட்டிவிட்டு, கண்ணாடியிலோ மண் சட்டியிலோ புதிதாக ஊறவையுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மாத்திரைக்கும் கடுக்காய்க்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். சட்டியில் நடந்தது வயிற்றிலும் நடக்கும், மாத்திரை வீணாகும்.