கோல்கீப்பராக நிற்கும் மகன் தலையில் அடிபட்ட பிறகும் ஆடினான்: நிறுத்திவிட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. பள்ளி ஃபுட்பால் டீமில் கோலி, அதாவது கோல்கீப்பர். போன சனிக்கிழமை பந்தைப் பிடிக்க விழுந்தபோது எதிர் டீம் பையனின் கால் முட்டி இவன் தலையில் பட்டது. ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தான். அப்புறம் எழுந்து மேட்ச் முடியும்வரை ஆடினான். கோச் "சிங்கக்குட்டி" என்று முதுகில் தட்டினார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நிறுத்திவிடவா? ஹெல்மெட் வாங்கித் தந்தால் போதுமா?

பதில்:

நிறுத்த வேண்டாம். ஆனால் அன்றைக்கு அவனை உடனே வெளியே எடுத்திருக்க வேண்டும். உங்கள் மனசு ஆறாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

நான் 11 வருஷம் கோலியாக நின்றவன். பள்ளி, கல்லூரி, அப்புறம் ஒரு சின்ன கிளப். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வட சென்னையில் ஒரு மாநகராட்சி மைதானத்தில் பிள்ளைகளுக்குக் கோல்கீப்பிங் சொல்லித் தருகிறேன். நான் டாக்டர் இல்லை. அதனால் முதல் வேலையாக, இன்னும் காட்டவில்லை என்றால், பையனை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தலைவலி இருக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, பாடத்தில் மனம் நிற்கவில்லையா, வழக்கத்தை விட எரிந்து விழுகிறானா, தூக்கம் மாறியிருக்கிறதா என்று பார்த்து அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை பந்து வேண்டாம். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுவதுதான் பெரிய பயம். அரிதாக நடப்பதுதான், ஆனால் வளரும் வயதில் அப்படி விழும் அடியில் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

என் கதையைச் சொல்கிறேன். கல்லூரி இரண்டாம் வருஷம், ஒரு டோர்னமென்ட் அரையிறுதி. கார்னர் பந்துக்கு எகிறினேன். எதிர் டீம் டிஃபெண்டரின் முழங்கை என் காதுக்கு மேலே இறங்கியது. செம்மண் தரை முகத்துக்கு நேரே வந்தது ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு எதுவும் இல்லை. முகத்தில் தண்ணீர் அடித்தார்களாம், இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்களாம், நான் தலையாட்டினேனாம். மீதி 35 நிமிஷம் ஆடி, டை பிரேக்கரில் ஒரு பெனால்டியும் பிடித்திருக்கிறேன். என் வாழ்க்கையிலேயே நல்ல சேவ் என்று நண்பர்கள் இன்றும் சொல்வார்கள். எனக்கு அது தெரியாது. திரும்பும் பஸ்ஸில் "ஸ்கோர் என்னடா?" என்று கேட்டேன். சொன்னான். ஐந்து நிமிஷம் கழித்து அதையே மறுபடி கேட்டேன். நான்காவது தடவை கேட்டபோது பக்கத்தில் இருந்தவன் முகம் மாறிவிட்டது. ராத்திரி இரண்டு தடவை வாந்தி. அம்மா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனாலும் மூன்று வாரம் டியூப் லைட்டைப் பார்த்தால் கண் கூசியது, புத்தகத்தில் ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலே மூளை அதிர்ந்திருக்கும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். மயக்கம் போட்டால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான அதிர்வில் நினைவு தப்புவதே இல்லை. பையன் நிற்பான், பேசுவான், பந்தைக்கூட உதைப்பான்.

மற்ற ஆட்டக்காரன் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் வெளியே போகிறான். கோலி மட்டும் ஏன் எழுந்து ஆடுகிறான்? விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. அடிபட்ட மற்றவர்கள் பொதுவாக மைதானத்தை விட்டு வெளியே போய்த்தான் சிகிச்சை எடுக்க வேண்டும். கோலிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, நின்ற இடத்திலேயே பார்க்கலாம். போஸ்ட்டைக் காலியாக விட முடியாது என்பதற்காக வந்த விதி அது. நம் ஊர் மைதானங்களில் அதுவே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. மாற்று கோலி இருக்க மாட்டான், இருந்தாலும் சின்னப் பையனாக இருப்பான். எல்லோரும் சுற்றி நின்று "முடியுமா, முடியுமா" என்று கேட்பார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் வேறு என்ன சொல்வான்?

பெரிய ஆட்டங்களும் இதைத்தான் வீரம் என்று கொண்டாடி வந்திருக்கின்றன. 1956ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் கோலி பெர்ட் டிராவ்ட்மன், பர்மிங்ஹாம் ஃபார்வர்டின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தார். கழுத்தில் அடி. இன்னும் 17 நிமிஷம் பாக்கி. கழுத்தைப் பிடித்தபடியே கடைசிவரை நின்றார், டீம் 3-1 என்று ஜெயித்தது. சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் கழுத்தெலும்பு உடைந்திருக்கிறது. உடைந்த எலும்பைப் பக்கத்து எலும்பு முட்டுக்கொடுத்துப் பிடித்ததால்தான் உயிர் தப்பினார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரரே கிடையாது. அவர் போயிருந்தால் பத்துப் பேரோடு ஆட வேண்டும். இங்கிலாந்து லீக்கில் மாற்று ஆட்டக்காரர் வந்ததே 1965ல்தான். அவருக்கு வேறு வழி இல்லை. உங்கள் மகனின் கோச்சுக்கு இருந்தது.

2013 நவம்பரில் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப் கோலி ஹ்யூகோ லோரிஸ், எவர்ட்டன் ஆட்டக்காரர் லுகாகுவின் முட்டி தலையில் பட்டு நினைவு தப்பி விழுந்தார். பிறகு எழுந்து மீதி ஆட்டத்தை ஆடினார். பெரிய சர்ச்சை ஆனது. அடுத்த சீசனில், தலையில் அடிபட்டவர் தொடரலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், மேனேஜர் அல்ல என்று இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் கறாராக்கினார்கள். இப்போது தலை அடிக்கென்றே கூடுதலாக ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்க விதிப் புத்தகம் இடம் தருகிறது. பையனிடமே "முடியுமா" என்று கேட்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஹெல்மெட்டுக்கு வருகிறேன். தலைக்கவசம் போட்டு ஆடிய பீட்டர் செக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். 2006 அக்டோபர் 14, ரெடிங் மைதானம், ஆட்டம் ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. செல்சீ கோலி செக் பந்தை எடுக்கக் கீழே விழுகிறார், ரெடிங் டீமின் ஸ்டீபன் ஹன்ட்டின் முட்டி தலையில் மோதுகிறது. மண்டை ஓடு உள்ளே அமுங்கி உடைந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. அவருக்குப் பதிலாக வந்த கார்லோ குடிசினி அதே ஆட்டத்தின் கடைசியில் இன்னொரு மோதலில் நினைவு தப்பினார். கடைசியில் டிஃபெண்டர் ஜான் டெர்ரி கிளவ்ஸ் மாட்டிக்கொண்டு போஸ்ட்டில் நின்றார். ஒரே நாளில் ஒரே டீமின் இரண்டு கோலிகள். மைதானங்களில் வீரர்களுக்கென்று தனி ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு அதற்குப் பிறகுதான் பிரீமியர் லீக்கில் வந்தது.

செக் 2007 ஜனவரியில் ரக்பி ஆட்டக்காரர்கள் போடும் தலைக்கவசத்தோடு திரும்பி வந்தார், 2019ல் ஓய்வு பெறும்வரை கழற்றவில்லை. ஏற்கனவே உடைந்த எலும்பைக் காப்பாற்ற அது அவருக்குத் தேவை. வெட்டுக்காயம், எலும்புக்காயம் குறையும். ஆனால் மூளை அதிர்வு வேறு. முற்றிய தேங்காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் அல்லவா, ஓட்டுக்கு வெளியே துணி சுற்றினால் அந்த ஆட்டம் நிற்குமா? போட்டுக்கொள்வது தப்பில்லை. அதைப் போட்டதும் பையனுக்கும் உங்களுக்கும் வருகிற தைரியம்தான் தப்பு.

பெரும்பாலும் கோலியைக் காப்பாற்றுவது அவன் விழும் விதம். வேகமான ஷாட் அவ்வளவு ஆபத்தில்லை. கோலிக்கும் ஓடி வருகிறவனுக்கும் நடுவில் பந்து யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து. 1931 செப்டம்பர் 5 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் செல்டிக் கோலி ஜான் தாம்சன், ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர் சாம் இங்கிலிஷின் காலடியில் பாய்ந்தார். தலை முட்டியில் மோதியது. அன்றிரவே இறந்தார், வயது 22. சாம் இங்கிலிஷ் மேல் ஒரு தப்பும் இல்லை என்று விசாரணையில் சொன்னார்கள். தப்பே செய்யாமல் இரண்டு பேர் ஒரே பந்துக்குப் போனாலே இது நடக்கலாம்.

அதனால் என் பிள்ளைகளுக்கு முதல் மாதம் டைவே கிடையாது. மணலில் மண்டியிட்டு உட்காரவைத்து, பந்தை மெதுவாக உருட்டிவிட்டு, பக்கவாட்டில் சாயக் கற்றுக்கொடுப்பேன். முதலில் கை பந்துக்குப் போக வேண்டும். உடம்பு குறுக்கே நீளமாகக் கிடக்க வேண்டும். முகம் கைகளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தலையை முன்னால் கொடுத்து முட்டுகிற மாதிரி பாயும் பையனை உடனே நிறுத்திவிடுவேன். பந்து கிடைத்ததும் நெஞ்சோடு அணைத்து, ஓடி வருகிறவனுக்கு முதுகைக் காட்டிச் சுருள வேண்டும். உயரப் பந்துக்கு ஒரு காலில் எகிறி மறு முட்டியை மடக்கித் தூக்க வேண்டும். உயரமும் கிடைக்கும், முன்னால் கொஞ்சம் இடமும் கிடைக்கும். ஆனால் அந்த முட்டி தற்காப்புக்கு மட்டும். 2004 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் டெம்போ கிளப்பின் பிரேசில் ஃபார்வர்ட் கிறிஸ்டியானோ ஜூனியர், தன் இரண்டாவது கோலை அடித்த அந்த நொடியில் எதிரணிக் கோலியோடு மோதி விழுந்தார், எழுந்திருக்கவில்லை. போஸ்ட்டுக்கு முன்னால் நடக்கும் மோதலில் இரண்டு பக்கமும் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை இருக்கிறது என்று சொல்லித்தான் முட்டி தூக்குவதைக் கற்றுக்கொடுப்பேன்.

அப்புறம் குரல். "கீப்பர்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். சொந்த டீம் டிஃபெண்டர்களோடும் மோதல் நடக்கும். இந்தோனேசியாவில் பெர்செலா கிளப்பின் கோலி கொய்ருல் ஹுடா 2017ல் தன் டீம்காரரோடு மோதித்தான் இறந்துபோனார். கூச்ச சுபாவமுள்ள பையன்களுக்கு டைவை விடக் கத்துவதுதான் கஷ்டம். அதற்குத் தனியாகவே பயிற்சி தருகிறேன்.

தலையைத் தவிர மற்றவை சீக்கிரம் சொல்லிவிடலாம். விரல் பிசகினால் மைதானத்திலேயே இழுத்துச் சொடக்கெடுக்க விடாதீர்கள். பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றி, ஐஸ் வைத்து, எக்ஸ்ரேவுக்குப் போங்கள். கை ஊன்றி விழுந்த பிறகு, கட்டைவிரலை விரித்தால் அடியில் தெரியும் குழியில் அமுக்கினால் வலிக்கிறது என்றால் அலட்சியம் வேண்டாம். அந்தச் சின்ன எலும்பின் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், பத்து நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். 12 வயதுக்கு நான்காம் எண் பந்து. பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தால் ஷாட் அடித்துப் பழக்கினால் மணிக்கட்டு தாங்காது. செம்மண் கிரவுண்டில் முழங்கை பேடும் நீளக் கால்சட்டையும் அவசியம்.

போஸ்ட்டையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். தூக்கி நகர்த்துகிற இரும்பு போஸ்ட் என்றால் பின்பக்கம் தரையில் முளை அடித்திருக்க வேண்டும், இல்லை என்றால் கனமான மணல் மூட்டையாவது வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் குறுக்குக் கம்பியில் தொங்கி, அது முன்னால் சாய்ந்து, உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. எங்கள் மைதானத்தில் பயிற்சிக்கு முன்னால் நானே போஸ்ட்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். ஆடினால் அன்றைக்கு இரண்டு செருப்பை வைத்துத்தான் கோல்.

இனி ஒருமுறை அவன் விழுந்தால் யாரும் தூக்கி நிறுத்தக் கூடாது. கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்றால் அசைக்கவே கூடாது, 108க்குப் போன் செய்யுங்கள். மறுபடி மறுபடி வாந்தி, வலிப்பு, ஒரு கண்பாவை மட்டும் பெரிதாவது, எழுப்பினாலும் தூக்கத்திலேயே சொருகுவது, காதில் மூக்கில் தண்ணீரோ ரத்தமோ வருவது, இதில் எது இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. இது எதுவும் இல்லாமல் "கொஞ்சம் கிறுகிறுன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு அதோடு முடிந்தது.

கோச்சோடு சண்டை போட வேண்டாம், அவரும் பையனை நேசித்துத்தான் தட்டிக்கொடுத்திருப்பார். அடுத்த மேட்ச்சுக்கு முன்னால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "சார், என் பையனை வெளியே எடுக்க வேண்டி வந்தால் யார் கிளவ்ஸ் போடுவார்கள்?" அவர் ஒரு பெயரைச் சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள். அந்தப் பையனையும் வாரத்தில் ஒரு நாள் உங்கள் மகனோடு மணலில் விழப் பழகச் சொல்லுங்கள்.