5 ஏக்கர் தென்னைக்கு 24 எச்.பி. போதுமா, 45 வேண்டுமா?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் 5 ஏக்கர் தென்னந்தோப்பு, நடுவில் ஊடுபயிராகக் கோகோ. வாடகை டிராக்டருக்கு மணிக்கு 1,100 ரூபாய் வீதம் சென்ற ஆண்டு சுமார் 50,000 ஆனது. கோகோ வரிசைக்குள் அந்த வண்டி நுழையாததால் அங்கே களையெடுக்க ஆள் கூலி தனி. மழை பெய்ததும் வண்டி கிடைப்பதும் இல்லை. 24 எச்.பி. மினி டிராக்டர் 6 லட்சம், 45 எச்.பி. 8.5 லட்சம் என்கிறார்கள். பெரியதை வாங்கி வெளியே வாடகைக்கும் விடலாம் என்கிறான் மகன். பக்கத்தில் அண்ணனுக்கு 4 ஏக்கர் தோப்பு இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: நீங்கள் தனியாக வாங்குவதாக இருந்தால், இரண்டுமே வேண்டாம். அண்ணனோடு சேர்ந்து வாங்குவதாக இருந்தால் 24 எச்.பி. வாங்குங்கள்.

உங்கள் செலவை மணிக்கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு 45 மணி நேர வேலைதான். 6 லட்சம் வண்டியைப் பத்து வருடம் ஓட்டி 2 லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் வருடத்துக்கு 40,000. ஒன்றரை லட்சம் கையிலிருந்து போட்டு, மீதியை 11 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக வாங்கினால் மொத்த வட்டி 1.37 லட்சம். அதைப் பத்து வருடத்துக்குப் பிரித்து, காப்பீடும் பராமரிப்பும் சேர்த்தால் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 75,000 போகும். இப்போது கொடுக்கும் 1,100 ரூபாய் வாடகையில் டீசல் போக மணிக்கு 870 ரூபாய் மிச்சம் என்று வைத்தால், சுமார் 86 மணி நேரம் ஓடினால்தான் கட்டும். பெரிய வண்டிக்கு இதே கணக்குப் போட்டால் 150 மணி நேரத்தைத் தொடுகிறது. அண்ணன் வீட்டு வேலையும் 40 மணி நேரம்போல இருந்தால் சின்ன வண்டி கட்டுபடியாகும். கோகோ களையெடுப்புக் கூலி குறைவது அதற்கு மேல் லாபம்.

சின்னதைச் சொல்ல இன்னொரு காரணம் உங்கள் தோப்பே. தென்னை வழக்கமாக 25 அடி இடைவெளியில் இருக்கும். இரு பக்கமும் மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாத்திக்கு 6 அடி விட்டால் நடுவில் மிஞ்சுவது 13 அடி. அதற்குள் ஒரு வரிசை கோகோவும் நிற்கிறது. மினி டிராக்டரும் அதன் பின்னால் பூட்டி மண்ணைக் கிளறும் 4 அடி ரொட்டவேட்டரும் அதில் போய்வரும். பெரிய வண்டி கோகோ கிளையை ஒடிக்கும், இல்லையென்றால் தென்னை வேரில் ஏறும். தென்னையின் உணவு வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி அந்த 6 அடிக்குள்தான். மினி வண்டி ஒரு டன்னுக்குள் இருக்கும், 45 எச்.பி. இரண்டு டன்னை நெருங்கும். ஈர மண்ணில் அந்த எடை திரும்பத் திரும்ப ஏறினால் மண் இறுகிப்போகும்.

மட்டை தூளாக்கும் இயந்திரம் பற்றி மகன் கேட்பார். அவற்றில் பல 35 எச்.பி.க்கு மேல் கேட்கும், உண்மைதான். வருடத்தில் ஓரிரு நாள் வேலைக்கு இரண்டரை லட்சம் கூடுதலாகப் போடாதீர்கள். அதை மட்டும் வாடகைக்கு எடுங்கள்.

வெளியே வாடகைக்கு விடும் யோசனையை நான் ஏற்கவில்லை. மழை பெய்த அதே வாரத்தில்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள், உங்கள் தோப்புக்கும் அப்போதுதான் உழவு. தவிர, விவசாயப் பயன்பாட்டுக்கு எடுத்த காப்பீடு, வாடகை ஓட்டத்தில் விபத்து என்றால் சிக்கலாகும்.

முன்பணம் கட்டுவதற்கு முன்பே மானியம் கேளுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை, உச்சவரம்போடு உண்டு. 5 ஏக்கருக்குள் நிலம் என்றால் வட்டாட்சியரிடம் சிறு விவசாயி சான்று வாங்கி, உழவன் செயலியில் பதிந்துவிட்டு, வேளாண்மைப் பொறியியல் துறையின் அனுமதி வந்தபின் வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டு அப்புறம் போனால் கிடைக்காது. மானியம் வந்தால் மேலே போட்ட கணக்கு இன்னும் இறங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. சொன்ன விலை புதியதா பழையதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கடன் தவணையை மாதாமாதம் வைக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் கேளுங்கள். 45 நாளுக்கு ஒரு காய் வெட்டு என்றால் ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு வெட்டுப் பணம் கையில் இருக்கும். வண்டி யார் பெயரில், டீசல் யார் செலவு, மழை வாரத்தில் முதல் உழவு யார் தோப்பில் என்பதை அண்ணனோடு பேசி எழுதி வையுங்கள். டீலரிடம் வண்டியை உங்கள் தோப்புக்கே கொண்டுவரச் சொல்லி, கோகோ வரிசைக்குள் ரொட்டவேட்டரோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வரிசைக் கடைசியில் வண்டி திரும்ப இடம் போதவில்லை என்றால் அந்த மாடல் வேண்டாம்.