ரானோலசின் மாத்திரையை உடைத்துப் போடலாமா?

மொரிஷியஸ் ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. சென்னையில் ஸ்டென்ட் வைத்த பிறகும் படியேறினால் நெஞ்சு இறுக்குகிறது என்பதால் ரானோலசின் 500 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று எழுதித் தந்தார்கள். மாத்திரை பெரிதாக இருக்கிறதென்று உடைத்து விழுங்குகிறார். வலி வந்தால் கூடுதலாக ஒன்று போடுகிறார். சரியா?

இரண்டுமே சரியில்லை, அம்மா. இன்றைக்கே அப்பாவிடம் பேசிவிடுங்கள். ஆனால் மாத்திரையையே நிறுத்திவிட வேண்டாம்.

ரானோலசின் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரை. ஒன்று விழுங்கினால் பாதி நாளுக்கு மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேர வேண்டும். உடைத்தாலோ மென்றாலோ பொடித்தாலோ அந்த அமைப்பு கெட்டு, மொத்த மருந்தும் சீக்கிரமே இறங்கிவிடும். அளவு கூடினால் தலைசுற்றல், குமட்டல், வாந்தி வரும், மயக்கம்கூட வரலாம். இதயத்துடிப்பின் மின்னோட்டத்தில் க்யூடி எனப்படும் இடைவெளியும் நீளும். விழுங்க முடியவே இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.

வலி வந்த நேரத்தில் கூடுதலாக ஒன்று போடுவதுதான் எனக்கு அதிகக் கவலை. இது வலி வராமல் காக்கும் மருந்து, வந்த வலியை உடனே அடக்காது. அதற்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோ ஸ்ப்ரேயோ தனியாக எழுதித் தருவார்கள். அப்பாவிடம் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு அதைப் பயன்படுத்த வேண்டும். 5 நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் காத்திருக்காமல் 114-க்கு அழைத்து சாமு ஆம்புலன்ஸை வரவழையுங்கள். வியர்வை, மூச்சுத்திணறல், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி இருந்தால் 5 நிமிடம்கூட பொறுக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வர ஆரம்பித்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொன்று, மகளிடம் அப்பாக்கள் சொல்லத் தயங்குவது: சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற ஆண்மை மாத்திரை போட்டிருந்தால் நைட்ரேட் எடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இதை மருத்துவரே அவரிடம் தனியாகக் கேட்கட்டும்.

அப்புறம் பழம். கிரேப்ஃப்ரூட் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அதன் உறவான பம்பளிமாஸையும் விட்டுவிடுவதே நல்லது, வீட்டு மரத்தில் காய்த்ததாக இருந்தாலும். சளிக்கோ புண்ணுக்கோ தரும் கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்குத் தரும் கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் ஆகியவற்றை இதோடு சேர்க்கவே கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ நேர் எதிர், மருந்தை வேலை செய்ய விடாது. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு ரானோலசின் ஆகாது. சிறுநீரகம் பலவீனமானால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அதை மறக்காதீர்கள்.

மெட்ஃபார்மின் போடுகிறாரா? இப்போதைய 500 மி.கி. அளவில் பெரிய சிக்கலில்லை. ரானோலசினை 1000 மி.கி. இருவேளை என்று கூட்டினால், மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 1700 மி.கி.யைத் தாண்டக் கூடாது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் போடுகிறார் என்றால் அதில் நாளொன்றுக்கு 20 மி.கி.தான் உச்சம்.

சென்னையில் வாங்கி வந்தது தீர்ந்து இங்கே வாங்கும்போது அட்டையில் மி.கி.யைப் படியுங்கள். இந்தியாவில் 500, 1000 கிடைக்கும். ஐரோப்பிய அட்டைகளில் 375, 500, 750 என்று வரும். கடைக்காரர் "அதே மருந்துதான்" என்றாலும் எண் மாறியிருக்கலாம். பழைய அட்டையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் அடுத்த வேளை வழக்கம்போல் ஒன்றுதான், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. மலச்சிக்கல் வரலாம், அது இந்த மருந்தோடு அடிக்கடி வருவதுதான். கீரையும் தண்ணீரும் கூட்டிக் கொடுங்கள்.

தைப்பூச விரதம் இருப்பாரென்றால் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். காவடி வேறு விஷயம். வெயிலில் சுமையோடு நடந்து கோர் தெ கார்ட் மலைக் கோயில் படிகளை ஏறுவது, சாதாரணப் படியிலேயே நெஞ்சு இறுக்குகிறவருக்கு ஆகாது. நேர்த்திக்கடன் பாக்கி இருந்தால் இந்த வருடம் வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும். அப்பா கூட நடக்கலாமா, எவ்வளவு தூரம் என்பதை அவரது இதய மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.