புறா சுட பெர்மிஷன் இருந்தும் வயல்ல கார் ஓட்டினதுக்கு விவசாயி கோவிச்சுக்கிட்டாரா?

காரை பண்ணை வீட்டு முற்றத்துலயே (யார்டு) விட்டுட்டு நடந்து போங்க, அவரே வாய் திறந்து "உள்ள ஓட்டிக்கோ"ன்னு சொல்ற வரைக்கும். இங்கிலாந்துல சுட பெர்மிஷன் வேற, வண்டி ஓட்ட பெர்மிஷன் வேற.

டிராம்லைன்லதானே போனேன், கோதுமைய மிதிக்கலையேன்னு கேட்டிருக்கீங்க. பிரச்சனையே அங்கதான் இருக்கும்னு நினைக்கிறேன். அது மருந்தடிக்கிற டிராக்டரோட தடம், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல பெரும்பாலும் 1.8 மீட்டர் இருக்கும், கார் சக்கரங்களுக்கு நடுவுல அவ்வளவு அகலம் கிடையாது, அதனால ஒரு பக்க டயர் பயிர் மேலதான் ஏறியிருக்கும். ஈர மண்ணுன்னா தடமும் ஆழமாகி அடுத்த தடவ ஸ்ப்ரேயர் குலுங்கும். ஒரு வருஷ உழைப்பு அது, அவருக்கு கோவம் வராம எப்படி?

நேர்ல போய் சாரி சொல்லுங்க. எந்த வழியா போகலாம், எங்க நிறுத்தலாம், மழை பெஞ்சா என்ன பண்ணலாம்னு கேட்டு போன்ல குறிச்சு வைங்க. அவர் சரின்னாலும் இறங்கி குதிகாலால மண்ணை அழுத்திப் பாருங்க, பூட்ஸ்ல சேறு ஒட்டிச்சுன்னா அன்னிக்கு கார் உள்ள வேணாம், டீகாய் (புறாவ இழுக்க வைக்கிற போலிப் புறா), தோட்டா எல்லாம் தோள்லதான்.

கேட் திறந்திருந்தா திறந்தே விடுங்க, மூடியிருந்தா மூடிட்டு வாங்க. கேட் முன்னாடி மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீங்க.

இன்னொண்ணு, அறுவடை முடிஞ்ச தாள் வயல்ல மண்ணு காஞ்சிருந்தாலும், சூடான எக்ஸாஸ்ட் பட்டு வைக்கோல் பத்திக்கலாம். அங்கயும் கேக்காம ஓட்டாதீங்க.