கெரட்டின் 14 பிழை: புற்றுநோய் அச்சம் வேண்டாம்

சகோதரிக்கு வணக்கம். பள்ளிச் செருப்பு உரசினாலே மகனின் உள்ளங்காலில் கொப்புளம் எழுவதாகவும், பரிசோதனையில் கெரட்டின் 14 மரபணுப் பிழை தெரிந்ததாகவும், இது புற்றுநோயாகுமோ என்றும் அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருந்தீர்கள்.

மேல்தோலின் அடியடுக்குச் செல்களுக்குள் கெரட்டின் 5, 14 ஆகிய இரு புரத இழைகளும் பத்தமடைப் பாயின் கோரையும் பாவுநூலும் போலப் பின்னிச் செல்லைத் தாங்குகின்றன. ஒன்று பழுதானாலும் உராய்வில் செல்லே கிழிந்து, அவ்விடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. எபிடெர்மோலிசிஸ் புல்லோசா எனப்படும் இக்கொப்புள நோயில் தோல் புற்றுநோய் அபாயம் பெரிதும் மிகுவது, தோல் அடுக்குகளைப் பிணைக்கும் ஏழாம் வகைக் கொலாஜன் என்ற புரதம் பழுதாகிப் பெருந்தழும்பு விழும் வேறொரு வகையில்தான். அந்த அச்சத்தை இறக்கி வையுங்கள்.

அக்கி என்றெண்ணிக் காவி எழுத வேண்டாம்; இது ஒட்டுநோயுமல்ல. கிருமி நீக்கிய ஊசியால் கொப்புளத்தின் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலை உரிக்காமல் விடுங்கள். கத்திரி வெயிலில் கொப்புளங்கள் கூடும். சீழ் வைத்தால் தோல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.